மாட்டாஸ்பத்திரியில் வாய் திறந்து கேளுங்கள்

நாய்க்கு உடம்பு சரியில்லை என்று கால்நடை டாக்டரிடம் கொண்டுபோகிறோம். அவர் பார்க்கிறார், ஊசி போடுகிறார், "ஐந்து நாள் தொடர்ந்து கொண்டுவாருங்கள், டிரிப் ஏற்ற வேண்டும்" என்கிறார். நாம் தலையை ஆட்டிவிட்டு வெளியே வருகிறோம். கேட்டைத் தாண்டியதும் சந்தேகம் கிளம்புகிறது. "நாய்க்கு எதற்கு ஐந்து நாள் குளுக்கோஸ்? காசு பிடுங்கப் பார்க்கிறார்" என்கிறார் கூட வந்தவர். டீக்கடையில் இன்னொருவர் கைவைத்தியம் சொல்கிறார். மறுநாள் முதல் ஷிப்டு. நாயைத் தூக்கிக்கொண்டு போக ஆள் இல்லை. மூன்றாம் நாள் அது செத்துப்போகிறது. "அந்த டாக்டர் சரியில்லை" என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறோம்.

பொம்மசந்திரா தொழிற்பேட்டையைச் சுற்றி ஹெப்பகோடி, சந்தாபுரா, ஜிகணி என்று ஓசூர் ரோடு நெடுகிலும் நம்மவர்கள் குடியிருக்கிறார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம், வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த தொழிலாளிகள், குமாஸ்தாக்கள், வாட்ச்மேன்கள். ஊரில் ஆடு மாடுகளோடு வளர்ந்தவர்களுக்கு இங்கே லைன் வீட்டு வாசலில் கட்டிப்போடும் ஒரு நாய்தான் அந்தக் குறையைத் தீர்க்கிறது. பாக்டரி கேட்டில் மிச்சச் சோறு போட்டு வளர்த்த குட்டி, நாளடைவில் வீட்டுக்கு வந்து பிள்ளைகளோடு படுத்துக்கொள்கிறது. அதற்கு நோய் வந்தால் வீடே கலங்குகிறது. ஆகவே இதை அற்ப விஷயம் என்று யாரும் தள்ளிவிட முடியாது.

டாக்டர் சொல்கிற சிகிச்சை நமக்குச் சம்மதமில்லாமல் இருக்கலாம். அதில் தவறு எதுவும் இல்லை. நாய் நம்முடையது; பணம் நம்முடையது; கேட்கும் உரிமையும் நம்முடையது. ஆனால் அந்தச் சம்மதமின்மையை டாக்டரின் மேஜைக்கு முன்னால் சொல்ல வேண்டும். அங்கே வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு, வீட்டுக்கு வந்து மருந்தை நிறுத்துவதும் மாற்றுவதும்தான் நம்மிடம் உள்ள பெரிய குறை. அதைப் பற்றித்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது.

நாலாவது ஆள்

திருக்குறளில் 'மருந்து' என்ற அதிகாரத்தின் கடைசிக் குறளில், மருத்துவத்துக்கு நான்கு கூறுகள் என்று வள்ளுவர் கணக்குச் சொல்கிறார். நோயாளி, வைத்தியர், மருந்து, பக்கத்தில் இருந்து மருந்து கொடுத்துப் பார்த்துக்கொள்பவர். நாலாவது ஆளையும் வைத்தியருக்குச் சமமாக வைத்து எண்ணியிருப்பதைக் கவனிக்க வேண்டும்.

மனிதனுக்கு நோய் வந்தால், எங்கே வலிக்கிறது என்று அவனே சொல்வான். "இந்த மாத்திரை போட்டதும் தலை சுற்றுகிறது டாக்டர்" என்பான். வாயில்லா ஜீவன் என்ன சொல்லும்? எப்போதிலிருந்து சாப்பிடவில்லை, எத்தனை தடவை வாந்தி எடுத்தது, எதைத் தின்றது, மூத்திரம் என்ன நிறம் என்பதெல்லாம் டாக்டருக்குத் தெரிய வேண்டுமானால் நாம்தான் சொல்ல வேண்டும். ஆகவே கால்நடை வைத்தியத்தில் நாலாவது ஆளுக்கு இரண்டு வேலை. மருந்தும் கொடுக்க வேண்டும். நோயாளியின் வாயாகவும் இருக்க வேண்டும்.

இந்த இரண்டாவது வேலையைத்தான் நாம் சரியாகச் செய்வதில்லை. "ரெண்டு நாளா சாப்பிடலை சார்" என்று ஒரு வரியோடு நிறுத்திவிடுகிறோம். எலி மருந்து வைத்த இடத்தில் நாய் மேய்ந்ததைச் சொல்வதில்லை. தெரு நாயோடு கடிபட்டதை மறைக்கிறோம். முதல் நாள் இரவு நாமே ஒரு மாத்திரை கொடுத்துப் பார்த்ததையும், திட்டுவாரோ என்று பயந்து, சொல்வதில்லை. பாதி விவரத்தை வைத்துக்கொண்டு டாக்டர் பாதிதான் கண்டுபிடிப்பார். அதற்குப் பிறகு அவர் மேல் குறை சொல்லி என்ன பயன்?

"மருந்தே இல்லை, பிறகு எதற்கு டிரிப்?"

தகராறு அதிகம் வருவது குட்டி நாய்களுக்கு வரும் பார்வோ நோயில்தான். 1978-ம் ஆண்டு வாக்கில் உலகத்துக்குத் தெரியவந்து, சில வருடங்களுக்குள் நாடு நாடாகப் பரவிய வைரஸ் நோய் இது. பெரும்பாலும் ஆறு வாரத்திலிருந்து ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிகளைப் பிடிக்கும். ஓயாத வாந்தி, ரத்தமாகப் பேதி, கண் உள்ளே போய்விடும், நிற்க முடியாது.

இந்த வைரஸை நேரடியாகக் கொல்லும் மருந்து வழக்கத்தில் இல்லை என்று டாக்டர் உண்மையைச் சொல்வார். அங்கேதான் சண்டை ஆரம்பம். "மருந்தே இல்லை என்கிறீர்கள், பிறகு ஐந்து நாள் எதற்கு?" என்பது நியாயமான கேள்விதான். அதைக் கேட்டால் பதிலும் கிடைக்கும். குட்டியின் உயிரை எடுப்பது பெரும்பாலும் உடம்பில் தண்ணீரும் உப்பும் வற்றிப்போவதும், புண்ணான குடல் வழியாக வேறு கிருமிகள் ரத்தத்தில் ஏறுவதும்தான். டிரிப் ஏற்றி உடம்பின் நீரை ஈடுகட்டி, வாந்தியை நிறுத்தி, வேறு கிருமிகள் தாக்காமல் ஊசி போட்டுக்கொண்டே வந்தால், குட்டியின் உடம்பே வைரஸோடு போராடி ஜெயிக்க அவகாசம் கிடைக்கும். அந்த அவகாசத்துக்குத்தான் நாலைந்து நாள். வைத்தியம் பார்க்காத குட்டிகளில் பெரும்பாலானவை செத்துப்போகின்றன. காலத்தில் கொண்டுபோய் முழுதும் வைத்தியம் பார்த்தவற்றில் பெரும்பாலானவை பிழைக்கின்றன. முதல் நாள் டிரிப் ஏறியதும் குட்டி தலை தூக்கிப் பார்க்கும். அதை நம்பி மறுநாள் நிறுத்தினால், போட்ட பணமும் போகும், குட்டியும் போகும்.

தடுப்பூசியிலும் இதே வாதம்தான். "ஒரு தடவை போட்டாகிவிட்டதே, மூன்று நாலு வாரத்துக்கு ஒரு தடவை ஏன் திரும்பத் திரும்ப?" என்கிறோம். தாய்ப்பால் வழியாகக் குட்டிக்கு வந்த எதிர்ப்புச் சக்தி, போட்ட ஊசியையே வேலை செய்ய விடாமல் தடுத்துவிடும். அது எந்த வாரத்தில் குறையும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, பதினாறு வாரம் வரை இடைவிட்டுப் போடுகிறார்கள். விஷயம் இவ்வளவுதான். டாக்டர் இரண்டு நிமிஷம் ஒதுக்கிச் சொல்லியிருந்தால் நாமும் ஒப்புக்கொண்டிருப்போம்.

பார்வோவில் குட்டி இறந்த வீட்டில் உடனே இன்னொரு குட்டியைக் கொண்டுவந்து விடக் கூடாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அந்தக் கிருமி தரையில் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும். சாதாரண சோப்புக்குச் சாகாது; பிளீச்சிங் கலந்த தண்ணீரால் கழுவ வேண்டும்.

ஐந்தாம் நாள் நின்றுபோகும் மாத்திரை

இரண்டாவது, உண்ணிக் காய்ச்சல். உண்ணி கடித்து வரும் ஒருவகைக் கிருமி ரத்தத்தில் புகுந்துகொள்கிறது. நாய் சோர்ந்து கிடக்கும், காய்ச்சல் அடிக்கும், ஈறு வெளுக்கும், சில சமயம் மூக்கிலிருந்து ரத்தம் வரும். டாக்டர் ரத்தப் பரிசோதனை எழுதினால், "நாய்க்குப் போய் பிளட் டெஸ்டா?" என்று சிரிக்கிறோம். டாக்சிசைக்ளின் மாத்திரையை 28 நாள் கொடுக்கச் சொன்னால், நாலைந்து நாளில் நாய் வாலாட்டிச் சாப்பிட ஆரம்பித்ததும் நிறுத்திவிடுகிறோம். கிருமி உள்ளேயே பதுங்கிக் கிடந்து, மாதங்கள் கழித்து இன்னும் மோசமாகத் திரும்பி வரக்கூடும். பாக்டரி பாஷையில் சொன்னால், மெஷின் ஓட ஆரம்பித்துவிட்டது என்று பாதி ரிப்பேரில் மூடியைப் போட்டுவிடுவதைப் போன்றது இது. நம்மில் எந்த பிட்டரும் அப்படிச் செய்ய மாட்டார்.

மூன்றாவது, வெறிநாய்த் தடுப்பூசி. "வீட்டை விட்டு வெளியே போகாத நாய்க்கு வருஷா வருஷம் எதற்கு?" என்பது அடிக்கடி கேட்கும் பேச்சு. இந்த ஒன்றில் மட்டும் டாக்டரோடு வாதாட நமக்கு இடமே இல்லை. லூயி பாஸ்டர் 1885-ம் ஆண்டில் ஒரு சிறுவனுக்கு முதன்முதலாகத் தடுப்பு மருந்து போட்டுக் காப்பாற்றினார். அந்த நாளிலிருந்து இன்றுவரை, நோயின் அறிகுறி வெளியே தெரிந்த பிறகு பிழைத்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். லைன் வீட்டில் பத்துக் குடும்பத்துப் பிள்ளைகள் ஒரே வாசலில் விளையாடும் இடத்தில், ஒரு நாய்க்கு ஊசி போடாமல் விடுவது அந்தப் பத்துக் குடும்பத்தையும் பாதிக்கும் காரியம். பாஸ்டர் மறைந்த செப்டம்பர் 28-ம் தேதியை உலக வெறிநோய் தினமாக வைத்திருக்கிறார்கள். அதையொட்டிப் பல இடங்களில் இலவச ஊசி முகாம்கள் நடக்கின்றன. விசாரித்துப் பயன்படுத்திக்கொள்ளலாம். கடித்தது நம் வீட்டு நாயாகவே இருந்தாலும், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு மனித ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். தொப்புளைச் சுற்றி 14 ஊசி போட்ட காலம் மலையேறிவிட்டது. இப்போது கையில்தான் போடுகிறார்கள்.

வேஸ்ட் ஆயிலும் காய்ச்சல் மாத்திரையும்

டாக்டரை நம்பாதபோது நாம் எதை நம்புகிறோம்? சொறி பிடித்த நாய்க்கு, பாக்டரியிலிருந்து டப்பாவில் கொண்டுவந்த வேஸ்ட் ஆயிலைப் பூசுகிறோம். உண்ணிக்கு மண்ணெண்ணெய் தேய்க்கிறோம். நாய் உடம்பை நக்கும் பிராணி. பூசியது அத்தனையும் வயிற்றுக்குள் போகும். தோல் வெந்துபோவது ஒரு பக்கம். உள்ளே விஷம் ஏறுவது இன்னொரு பக்கம்.

காய்ச்சல் என்றால் மருந்துக் கடையில் பாராசிட்டமால் வாங்கிக் கொடுக்கிறோம். மனிதனுக்குச் சாதுவான அந்த மாத்திரை பூனைக்கு விஷம். அதை முறித்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்கு இல்லை. ரத்தம் பழுப்பாகி, பிராணவாயுவைச் சுமக்கும் திறனை இழந்துவிடும். ஒரே மாத்திரை பூனையின் உயிரைக் குடித்துவிடக்கூடும். நாம் மூட்டு வலிக்குப் போடும் மாத்திரைகளில் சில, நாய்க்கு வயிற்றில் ரத்தக் கசிவையும் சிறுநீரகக் கோளாறையும் உண்டாக்குகின்றன. கடைக்காரர் மருந்து விற்கிறவர். நாயின் எடையைக்கூட அவர் பார்த்ததில்லை. அவர் சொல்வதைக் கேள்வி கேட்காமல் ஏற்கிறோம். அஞ்சரை வருஷம் படித்த டாக்டர் சொல்வதைச் சந்தேகப்படுகிறோம். இது என்ன நியாயம்?

டாக்டர்கள் பக்கத்துக் குறை

இவ்வளவும் சொன்னதால் டாக்டர்கள் மேல் குறையே இல்லை என்று ஆகிவிடாது. நம்மவர்கள் மௌனமாகத் திரும்பி வருவதற்கு அவர்களும் காரணம்.

மனிதர்களின் இதய ஆபரேஷனுக்காக வெளிநாட்டிலிருந்தெல்லாம் வரும் ஊர் பொம்மசந்திரா. இங்கே மனித நோயாளிக்கு டோக்கன், ரிப்போர்ட், பில், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் கையில் வருகின்றன. நாய்க்கு வைத்தியம் பார்க்கப் போனால், பல இடங்களில் ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடைப்பதில்லை. என்ன நோய் என்று பெயர் சொல்வதில்லை. போட்ட ஊசி என்ன என்று எழுதுவதில்லை. சட்டையைப் பார்த்துவிட்டு, "இவருக்குச் சொன்னால் என்ன புரியப்போகிறது" என்ற நினைப்பு சிலருக்கு. செலவு எவ்வளவு ஆகும் என்று முதலிலேயே சொல்லாமல், நாளுக்கு நாள் ஏற்றிக்கொண்டே போகும் இடங்களும் உண்டு. பேச்சில்லாத இடத்தில் சந்தேகம்தான் முளைக்கும்.

இன்னொரு காரணத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். "இது நம் ஊர் இல்லை, வாயைத் திறந்தால் வம்பு" என்ற பயம் நம்மவர்களின் மனத்தில் இருக்கிறது. மொழி தெரியாது என்ற கூச்சமும் சேர்ந்துகொள்கிறது. மரியாதையாகக் கேட்கும் கேள்வியை யாரும் வம்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வாந்திக்குக் கன்னடத்திலும் வாந்திதான், பேதிக்குப் பேதிதான், ஜுரத்தை ஜ்வர என்பார்கள். "ஏனு காயிலே சார்?" என்றால் என்ன நோய் என்று அர்த்தம். "எஷ்டு தினா ஆகுத்தே?" என்றால் எத்தனை நாள். "எஷ்டு கர்ச்சு ஆகுத்தே?" என்றால் எவ்வளவு செலவு. இந்த மூன்று கேள்விக்கு மேல் வேண்டியதில்லை. நம் வாயில் இரண்டு வார்த்தை கன்னடம் வந்தால், டாக்டர் வாயில் நாலு வார்த்தை தமிழ் தானாக வரும். ஓசூர் ரோட்டின் பழக்கம் அது.

கேட்கும்போது இன்னும் நான்கு விஷயங்களைக் கேட்டுக்கொள்வது நல்லது. இந்த வைத்தியம் செய்யாவிட்டால் என்ன ஆகும்? இதைவிடச் செலவு குறைந்த வழி உண்டா? எந்த அறிகுறி வந்தால் ராத்திரியே ஓடிவர வேண்டும்? மருந்தின் பெயரையும் அளவையும் எழுதித் தருவீர்களா? நல்ல டாக்டர் இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார். கோபப்படுகிறவராக இருந்தால், வேறு டாக்டரைத் தேட அதுவே காரணம்.

டாக்டர்களே மாற்றிக்கொண்ட கதை

"டாக்டர் சொன்னால் வேத வாக்கு" என்றும் இருக்க வேண்டியதில்லை. கால்நடை மருத்துவமே தன் வழக்கத்தை மாற்றிக்கொண்ட சம்பவம் நம் நாட்டில் நடந்திருக்கிறது. மாடுகளுக்கு வலியும் வீக்கமும் குறைய டைக்லோபெனாக் என்ற மருந்தைத் தாராளமாகப் போட்டு வந்தார்கள். மாட்டுக்கு அது நன்றாகவே கேட்டது. ஆனால் 1990-களில் இந்தியாவில் பிணந்தின்னிக் கழுகுகள் லட்சக்கணக்கில் செத்து விழுந்தன. சில இனங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் அழிந்தன. காரணம் யாருக்கும் புரியவில்லை. பாகிஸ்தானில் இறந்த கழுகுகளை அறுத்துப் பார்த்து ஆராய்ந்தவர்கள், 2004-ம் ஆண்டில் உண்மையை வெளியிட்டார்கள். அந்த மருந்து ஏற்றிய மாடு செத்தபின் அதைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகம் பழுதாகி அவை மாண்டன. 2006-ம் ஆண்டில் கால்நடைகளுக்கு அந்த மருந்தைப் பயன்படுத்துவதை இந்திய அரசு தடை செய்தது. மனிதருக்கான பெரிய புட்டிகளை மாட்டுக்குத் திருப்பிவிடுகிறார்கள் என்று தெரிந்து, 2015-ல் அந்தப் புட்டியின் அளவையும் 3 மில்லிக்கு மேல் போகாமல் கட்டுப்படுத்தினார்கள். கழுகுக்குக் கேடு செய்யாத மெலாக்சிகாம் என்ற மருந்து மாற்றாக வந்தது.

இதில் நமக்குப் பாடம் இருக்கிறது. நாடு முழுவதும் டாக்டர்கள் போட்டுவந்த மருந்தே கேள்விக்கு உள்ளாயிற்று, மாறவும் செய்தது. அந்த மாற்றத்தை உண்டாக்கியது ஆதாரத்தோடு கேட்ட கேள்வி. "எனக்கென்னவோ பிடிக்கவில்லை" என்று யாரோ மருந்தை ஒளித்துவைத்ததால் அது நடக்கவில்லை. நாமும் நம் அளவில் ஆதாரத்தோடு கேட்கலாம். இன்றைக்கு எத்தனை தடவை வாந்தி, எத்தனை மணிக்கு எந்த மாத்திரை, எவ்வளவு தண்ணீர் குடித்தது என்று பிள்ளையின் பழைய நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு போய், "நாலு நாளாக இந்த மருந்துக்குக் கேட்கவில்லை டாக்டர், பாருங்கள்" என்றால் எந்த டாக்டரும் யோசிப்பார்.

இரண்டாவது டாக்டர்

அப்படியும் மனம் ஒப்பவில்லையா? இன்னொரு டாக்டரிடம் காட்டலாம். மனித வைத்தியத்தில் இது சகஜம். கால்நடை வைத்தியத்திலும் அப்படித்தான். பெங்களூரில் அதற்கு இடம் உண்டு. குவீன்ஸ் ரோட்டில் அரசுக் கால்நடை மருத்துவமனை இருக்கிறது. 1958-ல் தொடங்கிய ஹெப்பால் கால்நடை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர்களே பார்க்கிறார்கள். ஊருக்குப் போகிறவர்களுக்கு, 1903-ல் தோன்றிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் வேப்பேரி ஆஸ்பத்திரி தெரிந்திருக்கும்.

ஆனால் ஒரு முறை இருக்கிறது. முதல் டாக்டரின் சீட்டு, ரத்தப் பரிசோதனை முடிவு, கொடுத்த மருந்தின் அட்டை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போக வேண்டும். இரண்டாவது டாக்டருக்கு முதல் டாக்டரை மறைத்தால், ஒரே வகை மருந்து இரண்டு தடவை உள்ளே போய்விடும். இரண்டாவது டாக்டரைப் பார்க்கும் வரை முதல் டாக்டரின் மருந்தை நிறுத்தக் கூடாது. மருந்தே ஒத்துக்கொள்ளவில்லை என்று பட்டால், போன் போட்டாவது கேட்டுவிட்டு நிறுத்த வேண்டும். பார்வோ போன்ற நோயில் ஒரு நாள் தாமதமே உயிரைக் கொண்டுபோய்விடும். டாக்டர் மாற்றுவதும் அந்த நாளுக்குள் நடக்க வேண்டும்.

போகிற இடத்தில் இருப்பவர் டாக்டர்தானா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். 1984-ம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டத்தின்படி, அங்கீகாரம் பெற்ற பட்டம் வாங்கிப் பதிவு செய்தவர்தான் கால்நடை வைத்தியம் பார்க்கலாம். டிப்ளமா படித்த உதவியாளர்கள், மாநில அரசு அனுமதித்த சிறு சிகிச்சைகளை, பதிவு பெற்ற டாக்டரின் மேற்பார்வையில்தான் செய்யலாம். நாய்த் தீனிக் கடையில் நின்றுகொண்டு ஊசி போடுகிறவர் எந்த வகை என்று கேட்டால் குற்றமில்லை. பதிவு எண் கேட்பது நம் உரிமை.

பணத்தைப் பற்றி வெட்கப்படாதீர்கள்

உள்ளபடி சொன்னால், பல சமயங்களில் நமக்கு டாக்டரோடு கருத்து வேறுபாடே இல்லை. நம் பையோடுதான் வேறுபாடு. ஐந்து நாள் டிரிப் என்றால் மருந்துச் செலவோடு ஐந்து நாள் சம்பளமும் போகும். காண்டிராக்ட் தொழிலாளிக்கு லீவு ஏது? இதைச் சொல்ல வெட்கப்பட்டு, "டாக்டர் சொல்வது தப்பு" என்று மாற்றிச் சொல்லிக்கொள்கிறோம். பணமில்லை என்பதில் வெட்கம் எதுவும் இல்லை. "இவ்வளவுதான் என்னால் முடியும் டாக்டர், இதற்குள் என்ன செய்யலாம்?" என்று கேட்டால், விலை குறைந்த மருந்தாக மாற்றலாம், வேளைக்கு வேளை வீட்டிலேயே கொடுக்கக் கற்றுத் தரலாம், அரசு ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதித் தரலாம். சொல்லாத பணக்கஷ்டத்துக்கு எந்த டாக்டரிடமும் மருந்து இல்லை.

ஒரே வாசலில் குடியிருப்பவர்கள் ஆளுக்கு ஒரு ஷிப்டாகப் பிரித்துக்கொண்டால், யாருக்கும் லீவு போகாமல் ஒரு நாயை ஐந்து நாள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் வரலாம். கல்யாணத்துக்கும் காரியத்துக்கும் ஒன்றுகூடுகிறவர்களுக்கு இது பெரிய வேலை அல்ல.

ஊசி போட்டு முடித்துவிடலாமா?

எல்லாவற்றிலும் கடினமான வேறுபாடு கடைசியில் வருகிறது. "இனிப் பிழைக்காது, வேதனைப்படுத்தாமல் ஊசி போட்டு முடித்துவிடலாம்" என்று டாக்டர் சொல்கிறார். வீட்டில் அம்மா, "கொலை செய்ய நாம் யார்? அதுவாகப் போகட்டும்" என்கிறார். இருவர் பேச்சிலும் கருணைதான் இருக்கிறது. இங்கே யாரும் யாரையும் வற்புறுத்தக் கூடாது. நாயை வளர்த்தவர்களின் சம்மதமில்லாமல் டாக்டர் அதைச் செய்யக் கூடாது. அதுபோல, மனம் வரவில்லை என்பதற்காக வலியில் துடிக்கும் பிராணியை மூலையில் போட்டுவிட்டு வேலைக்குப் போகவும் கூடாது. "இப்போது வலி எவ்வளவு? குணமாக வாய்ப்பு எவ்வளவு? எத்தனை நாள்?" என்று மூன்றையும் கேளுங்கள். ஊசி வேண்டாம் என்று முடிவு செய்தால், வலி தெரியாமல் இருக்கவாவது மருந்து கேட்டு வாங்குங்கள். அந்த மருந்து இல்லாமல் "அதுவாகப் போகட்டும்" என்று விடுவது கருணை ஆகாது. இந்த ஒரு விஷயத்தில் என் கருத்து அம்மாக்களுக்குப் பிடிக்காமல் போகலாம். ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

வளர்ப்பவனுக்குக் கடமை உண்டு என்று சட்டமும் சொல்கிறது. பிராணிகளை வதைப்பதைத் தடுக்கும் 1960-ம் ஆண்டுச் சட்டம், பிராணியைப் பொறுப்பில் வைத்திருப்பவர் அதன் நலத்தைக் கவனித்து, அதற்கு வேண்டாத வேதனை நேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. நோயுற்றதைத் தெருவில் கொண்டுபோய் விடுவதும் குற்றம்தான். முதல் தடவைக்கு 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை அபராதம் என்று அன்றைக்கு வைத்த தொகையைப் பார்த்து யாரும் கடமையை எடைபோட வேண்டாம்.

உண்மையிலேயே அநியாயம் நடந்தால்

டாக்டரின் அலட்சியத்தால்தான் பிராணி இறந்தது என்றால் வழி இல்லாமல் இல்லை. கால்நடை டாக்டர்களின் நடத்தைக்கு 1992-ம் ஆண்டிலேயே விதிமுறைகள் வகுத்திருக்கிறார்கள். பதிவு பெற்ற டாக்டர் மேல் மாநிலக் கால்நடை மருத்துவ மன்றத்துக்குப் புகார் எழுதலாம். பணம் வாங்கிக்கொண்டு செய்த சேவை என்ற முறையில், நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் மனுப் போடலாம்.

ஆனால் மனுவோடு ஆதாரம் வேண்டும். சீட்டு, பில், பரிசோதனை முடிவு இல்லாமல் எந்த மன்றமும் ஒன்றும் செய்ய முடியாது. இன்னொன்றும் உண்டு. நோயாளி இறந்ததாலேயே மருத்துவர் அலட்சியமாக இருந்தார் என்று ஆகிவிடாது. எடுத்த முடிவு பிசகினாலும், சாதாரணத் திறமையுள்ள மருத்துவர் எடுக்கும் கவனத்தை எடுத்திருந்தால் அது குற்றமாகாது என்று, மனித மருத்துவர் சம்பந்தப்பட்ட வழக்கில் 2005-ல் சுப்ரீம் கோர்ட்டு கூறியிருக்கிறது. அந்த அளவுகோல் நியாயமானது. டாக்டரின் சட்டையைப் பிடிப்பதும், ஆஸ்பத்திரிக் கண்ணாடியை உடைப்பதும், நம் மேலேயே வழக்கைக் கொண்டுவரும். பிழைக்க வந்த இடத்தில் அந்தச் சுமை நமக்கு வேண்டாம்.

ஆகவே நம் தோழர்களுக்குச் சொல்வது இதுதான். அடுத்த தடவை நாயையோ பூனையையோ மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது, ஒரு நோட்டும் பேனாவும் கொண்டுபோங்கள். நடந்ததை ஒளிக்காமல் சொல்லுங்கள். புரியாததைக் கேளுங்கள். உடன்பாடு இல்லையென்றால் அங்கேயே சொல்லுங்கள். முடியாத செலவை முடியாது என்று சொல்லுங்கள். சீட்டை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். ஒப்புக்கொண்ட வைத்தியத்தைக் கடைசி மாத்திரை வரை கொடுங்கள். ஒப்பவில்லையென்றால் அன்றைக்கே வேறு டாக்டரைப் பாருங்கள். டாக்டர்களும் சீட்டை எழுதிக் கொடுத்து, இரண்டு நிமிஷம் பேசட்டும்.